பல நாட்டு நேரம் காட்டும் கடிகாரம்: எதை நம்பி எழுதுவது?

பல நகரங்களின் நேரத்தையும் தேதியையும் ஒரே பக்கத்தில் காட்டும் கடிகாரம் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். உலகப் பொது நேரமான யூடிசியோடு மணிக்கணக்கைக் கூட்டிக் கழித்தால் போதுமா? பிரவுசரிலேயே இருக்கும் வசதியை எடுத்துக்கொள்ளலாமா? பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பான லைப்ரரி ஒன்றைச் சேர்ப்பதா? இல்லை, நேரத்தை ஏதாவது இணையச் சேவையிடம் கேட்டு வாங்குவதா?

எந்த வழியில் எழுதினாலும் முதல் நாள் கடிகாரம் சரியாகத்தான் ஓடும். திரையைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஆறு மாதம் கழித்து, பட்டியலில் இருக்கும் ஏதோ ஒரு நாடு தன் கடிகாரத்தை மாற்றும்போதுதான் எது உருப்படி என்பது தெரியும். நொடி முள்ளை ஓட்டுவது சுலபம். நாடுகள் மாற்றும் விதியை உங்கள் நிரலுக்கு யார் கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்பதை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

## முதலில் அளவுகோல்கள்

விதியை யார் புதுப்பிக்கிறார்கள்? இதுவே முதலும் முக்கியமும். உலகின் நேர மண்டல விதிகள் எல்லாம் ஒரு பொதுத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980-களில் தொடங்கியது அது. பால் எகர்ட் ஒருங்கிணைக்கிறார். 2011 முதல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் கீழ் உள்ள ஐயானா வெளியிடுகிறது. ஆண்டுக்குப் பல முறை புதிய பதிப்பு வரும். ஏன் அத்தனை முறை என்று கேட்டால், 2023 மார்ச்சில் லெபனானில் நடந்ததைப் பாருங்கள். மாத இறுதியில் தொடங்க வேண்டிய கோடை நேரத்தை (கோடைக்காகக் கடிகாரத்தை முன்னே நகர்த்துவது) ஏப்ரல் 21 வரை தள்ளிவைப்பதாக அரசு சில நாட்களுக்கு முன்புதான் அறிவித்தது. பல நிறுவனங்கள் ஏற்கவில்லை. நாட்டில் ஒரே சமயத்தில் இரண்டு நேரங்கள் ஓடின. அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. தரவுத்தளத்தில் தள்ளிவைப்புக்கு ஒரு பதிப்பு, அதைத் திரும்பப் பெற்றதற்கு இன்னொரு பதிப்பு என ஒரே வாரத்துக்குள் இரண்டு வந்தன. உங்கள் கடிகாரம் இதை எந்த வழியாகத் தெரிந்துகொள்ளும்?

காட்டினால் போதுமா, திருப்பியும் கணக்கிட வேண்டுமா? ‘இப்போது டோக்கியோவில் மணி என்ன’ என்பது ஒரு திசை. ‘நியூயார்க்கில் ஞாயிறு அதிகாலை 2.30-க்கு, மற்ற ஊர்களில் மணி என்ன’ என்பது எதிர்த்திசை. இரண்டாவது கடினமானது. கோடை நேரம் தொடங்கும் நாளில் அந்த 2.30 அங்கே வரவே வராது. கடிகாரம் 2-லிருந்து 3-க்குத் தாவிவிடும். கோடை நேரம் முடியும் நாளில் 1.30 இரண்டு முறை வரும்.

தவறு நடந்தால் சத்தம் போடுமா? ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் பிழை என்று சொல்வது ஒரு வகை. சத்தமே இல்லாமல் வேறு நேரத்தைக் காட்டுவது இன்னொரு வகை. கடிகாரத்துக்கு இரண்டாவது வகை ஆபத்து, ஏனென்றால் தவறான மணியும் பார்ப்பதற்கு மணி போலவே இருக்கும்.

அப்புறம் பதிவிறக்க எடை, இணையத் தேவை, எங்கே ஓடப்போகிறது என்பவை. இவை சூழ்நிலையைப் பொறுத்தவை, அந்தந்த இடத்தில் பார்க்கலாம்.

## கையால் கணக்குப் போடுவது

யூடிசியை எடு, ஊருக்கு இத்தனை நிமிடம் என்று கூட்டு, காட்டு. நாலைந்து வரிகளில் முடிந்துவிடும். வெளி நிரல் எதையும் சார்ந்திருக்க வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்பதும் தெளிவாகத் தெரியும். கற்றுக்கொள்பவர்கள் ஒரு முறையாவது இப்படி எழுதிப் பார்க்க வேண்டும் என்பேன்.

சிக்கல் முதலில் எண்களில் தொடங்கும். வித்தியாசத்தை முழு மணியாக வைத்துக்கொண்டால் இந்தியா (5.30), நேபாளம் (5.45), நியூசிலாந்தின் சாத்தம் தீவுகள் (12.45) எல்லாம் தப்பாகிவிடும். எனவே நிமிடத்தில் வையுங்கள். கூட்டல் கழித்தல் குறியிலும் கவனம் வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் தன் மண்டல வித்தியாசத்தைத் தலைகீழாகச் சொல்லும். யூடிசிக்கு 9 மணி நேரம் முன்னே இருக்கும் டோக்கியோவில் கேட்டால் −540 என்று விடை வரும். தரவுத்தளத்தில் உள்ள ‘ஈடிசி/ஜிஎம்டி+5’ என்ற பெயரும் அப்படித்தான். யூடிசிக்கு 5 மணி நேரம் பின்னே இருப்பதைக் குறிக்கிறது. இன்னொரு பொறி: வித்தியாசத்தைக் கூட்டிய பிறகு, யூடிசி மணியைத் தரும் ஃபங்ஷனுக்குப் பதில் சாதாரண மணி ஃபங்ஷனைக் கூப்பிட்டால், பார்ப்பவரின் சொந்த வித்தியாசமும் சேர்ந்துவிடும். எழுதியவர் லண்டனில் குளிர்காலத்தில் உட்கார்ந்து சோதித்திருந்தால் இது கண்ணில் படவே படாது.

இவற்றை எல்லாம் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது கோடை நேரம். அமெரிக்காவில் அது மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு முடிகிறது; 2007 முதல் இந்த விதி. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. அதனால் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே வழக்கமாக 5 மணி நேர வித்தியாசம் என்றாலும், 2026 மார்ச் 8 முதல் 29 வரை 4 மணி நேரம்தான். அரிசோனா மாநிலத்தின் பெரும்பகுதி கோடை நேரத்தையே கடைப்பிடிப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் கோடை நேரத்துக்கு அரை மணிதான் நகர்த்துகிறார்கள். மொராக்கோவில் ரமலான் மாதத்துக்காக ஒரு மணி பின்னே போகிறார்கள். இதையெல்லாம் ‘இஃப்’ போட்டு எழுத ஆரம்பித்தால், பொதுத் தரவுத்தளத்தை நீங்களே மோசமாக மறுபடி எழுதுகிறீர்கள் என்று அர்த்தம். விதியைப் புதுப்பிக்கும் வேலையும் உங்கள் தலையில்தான்.

ஆனாலும் இதுவே சரியான தேர்வாகும் இடம் ஒன்று உண்டு. நினைவகம் குறைந்த மைக்ரோகன்ட்ரோலரை (கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிச் சில்லு) வைத்து மேசைக் கடிகாரம் செய்கிறீர்கள் என்றால் முழுத் தரவுத்தளத்தையும் அதில் ஏற்றுவது வீண் பாரம். இணையம் வழியாக நேரம் தரும் என்டிபி மூலம் வருவது யூடிசி மட்டுமே. மண்டல விவரம் அதில் இருக்காது. அங்கே யூனிக்ஸ் வகை இயங்குதளங்களின் பொது மரபான பாசிக்ஸ் முறையில் ‘மூன்றாம் மாதம், இரண்டாம் வாரம், ஞாயிறு’ என்று விதியைச் சுருக்கி எழுதும் ஒற்றை வரி போதும். கோடை நேரமே இல்லாத இரண்டு மூன்று ஊர்கள் மட்டும் என்றால் இன்னும் நிம்மதி.

## பிரவுசரின் சொந்த வசதி: இன்டில்

இணையப் பக்கத்தில் ஓடும் கடிகாரத்துக்கு என் முதல் பரிந்துரை இதுதான். ஜாவாஸ்கிரிப்ட்டின் ‘இன்டில் டேட்டைம்ஃபார்மேட்’, மண்டலப் பெயரைக் கொடுத்தால் அந்த ஊரின் தேதியையும் நேரத்தையும் தரும். விதித் தரவு பிரவுசரோடோ இயங்குதளத்தோடோ வருகிறது. பிரவுசர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது உங்கள் கடிகாரமும் சேர்ந்து புதுப்பிக்கப்படும். நீங்கள் ஒரு வரியும் தொட வேண்டாம். பெயர் தவறினால் ‘ரேஞ்ச்எரர்’ என்று உடனே நின்றுவிடும். மொழியைத் தமிழ் என்று கொடுத்தால் கிழமையும் மாதமும் தமிழிலேயே வரும்.

பதிவிறக்க எடை பூஜ்யம். ஆனால் மறைமுகச் செலவுகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

ஒவ்வொரு நொடியும் ஒவ்வொரு ஊருக்கும் புதிதாக ஃபார்மேட்டர் (நேரத்தை எழுத்தாக்கித் தரும் பொருள்) உருவாக்கினால் பக்கம் மந்தமாகும். உருவாக்குவதுதான் கனமான வேலை. ஊருக்கு ஒன்று என ஒரு முறை உருவாக்கி வைத்துக்கொண்டு, நொடிக்கு நொடி அதையே பயன்படுத்துங்கள்.

24 மணி முறை வேண்டும் என்று ‘ஹவர்12’ என்பதை அணைத்தால், சில மொழி அமைப்புகளில் நள்ளிரவு 00.00 என்று வராமல் 24.00 என்று வரும். ‘ஹவர்சைக்கிள்’ என்பதில் ‘எச்23’ என்று கொடுத்தால் இது தீரும். பகலிலேயே சோதிப்பவர்களுக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது.

எல்லாவற்றையும்விட மோசமானது, பல நிரல்களில் சுற்றிவரும் ஒரு குறுக்குவழி. ஒரு ஊரின் நேரத்தை ‘டுலோகேல்ஸ்ட்ரிங்’ மூலம் சரமாக்கி (எழுத்துத் தொடராக்கி), அந்தச் சரத்தை அப்படியே புதிய ‘டேட்’ பொருளாக்கி, அதிலிருந்து மணியை எடுப்பார்கள். வேலை செய்வது போலவே இருக்கும். ஆனால் இப்போது அந்தப் பொருளுக்குள் இருப்பது வேறொரு கணம். டோக்கியோவின் மணியைப் பார்ப்பவரின் ஊர் மணி என்று பொய் சொல்லி உள்ளே வைத்திருக்கிறீர்கள். பார்ப்பவரின் ஊரில் அன்று கோடை நேரம் தொடங்குகிறது, 2.30 என்ற நேரமே இல்லை என்றால், டோக்கியோவின் 2.30-ம் 3.30 ஆகிவிடும். மேலும், அந்தச் சரத்தை எல்லாப் பிரவுசரும் ஒரே மாதிரி படிக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆண்டு, மாதம், நாள், மணி என்று தனித்தனியாக வேண்டுமென்றால் ‘ஃபார்மேட்டுபார்ட்ஸ்’ இருக்கிறது. அதை எடுங்கள்.

பிறகு, இன்டில் ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும். உள்ளூர் நேரத்தை யூடிசிக்குத் திருப்ப அதில் வழி கிடையாது. பார்ப்பவரின் கணினிக் கடிகாரமே தவறாக இருந்தால் எல்லா ஊரும் தவறாகும். பெயரை வைத்து ஒப்பிடும்போதும் கவனம் தேவை. பார்ப்பவரின் மண்டலம் எது என்று கேட்டால் குரோம் ‘ஆசியா/கல்கத்தா’ என்ற பழைய பெயரைத் தரக்கூடும். உங்கள் பட்டியலில் ‘ஆசியா/கொல்கத்தா’ இருந்தால் ‘இது உங்கள் ஊர்’ என்ற அடையாளம் விழாது.

## லைப்ரரிகள்

இங்கே ஒரு பிரிவினையைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சில லைப்ரரிகள் விதித் தரவைத் தங்களோடு சுமந்து வருகின்றன. மொமன்ட் டைம்சோன் அந்த வகை. லக்சான், டேஜேஎஸ் போன்றவை தரவை வைத்திருப்பதில்லை. உள்ளே இன்டில்லைத்தான் கேட்கின்றன.

இரண்டாம் வகையைச் சேர்ப்பதால் உங்கள் நேரம் கூடுதலாகச் சரியாகிவிடாது, ஆதாரம் அதே பிரவுசர்தான். நீங்கள் பெறுவது வசதி: எதிர்த்திசைக் கணக்கு, நாள் கூட்டல் கழித்தல், படிக்க எளிதான நிரல். வெறுமனே மணி காட்டும் பக்கத்துக்கு அந்த எடை தேவையில்லை. கூட்டத்துக்கு நேரம் குறிக்கும் வசதி, ‘அங்கே காலை 9 என்றால் இங்கே எத்தனை’ என்று நகர்த்திப் பார்க்கும் வசதி வேண்டும் என்றால் லக்சான் போன்ற ஒன்று நியாயமான செலவு.

தரவைச் சுமக்கும் வகை, பழைய பிரவுசரிலேயே உறைந்துபோன தகவல் பலகைகளுக்கு நல்லது. அங்கே பிரவுசரின் தரவு என்றைக்கும் மாறாது. உங்கள் பக்கத்தை மட்டுமே மாற்ற முடியும். விலை என்ன? புதிய பதிப்பு வரும்போதெல்லாம் நீங்கள் லைப்ரரியை ஏற்ற வேண்டும். மறந்தால், தானாகப் புதுப்பிக்கும் பிரவுசர்களில்கூடப் பழைய நேரம் ஓடும். மொமன்ட் 2020-லேயே தாங்கள் பராமரிப்பு நிலைக்குப் போவதாகவும், புதிய திட்டங்களுக்கு வேறொன்றைப் பார்க்கும்படியும் அறிவித்துவிட்டது. எனவே பழைய திட்டத்தில் இருந்தால் இருக்கட்டும். புதிதாக எடுக்க வேண்டாம்.

டெம்பொரல் பற்றியும் கேட்பார்கள். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள்ளேயே வரும் புதிய நேர வசதி இது. மண்டலத்தோடு கூடிய நேரம், மண்டலமில்லாத தேதி என்று வகைகளைச் சரியாகப் பிரித்திருக்கிறார்கள். எதிர்த்திசைக் கணக்கில் இல்லாத நேரம், இரு முறை வரும் நேரம் இரண்டுக்கும் என்ன செய்வது என்று நாமே சொல்லலாம். ஃபயர்ஃபாக்ஸ் 2025-இல் கொண்டுவந்தது. பழைய பிரவுசர்களுக்கும் ஓட வேண்டும் என்றால் பாலிஃபில் (பிரவுசரில் இல்லாத வசதியை நிரப்பும் நிரல்) சேர்க்க வேண்டும், அந்த எடை லைப்ரரியின் எடைக்குக் குறையாது. நீண்ட காலம் ஓடப்போகும் திட்டம் என்றால் லைப்ரரி கற்பதைவிட இதைக் கற்பது நல்ல முதலீடு.

## இணையச் சேவையிடம் கேட்பது

ஊர்ப் பெயரை அனுப்பினால் நேரத்தைத் திருப்பித் தரும் இலவசச் சேவைகள் உண்டு. கடிகாரத்துக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. பதில் வந்து சேரும் நேரத்துக்குள் மணி நகர்ந்துவிடும். நொடிக்கு ஒரு முறை கேட்டால் சேவை தடுத்துவிடும். சேவை நின்றால் கடிகாரமும் நிற்கும்.

ஆனால் இதன் ஒரு பாதி பயனுள்ளது: பார்ப்பவரின் கடிகாரம் தவறாக இருந்தால் திருத்துவது. அதற்குத் தனிச் சேவை தேவையில்லை. உங்கள் சொந்த சர்வரின் ஒவ்வொரு எச்டிடிபி பதிலிலும் பொதுவாக ‘டேட்’ என்ற தலைப்பு வரும். பக்கம் திறக்கும்போது ஒரு முறை அதைப் படித்து, கணினிக் கடிகாரத்தோடு உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, அதன்பின் எல்லாவற்றையும் அந்த வித்தியாசத்தோடு கணக்கிடுங்கள். துல்லியம் ஒரு நொடி அளவில்தான், சுவர்க் கடிகாரத்துக்கு அது போதும். கேஷ் செய்யப்பட்ட (முன்பே சேமித்துவைத்த) பதில் வந்தால் பழைய நேரம் வரும் என்பதால் கேஷைத் தவிர்த்துக் கேளுங்கள்.

## பைத்தானும் கட்டளைவரியும்

பிரவுசரே வேண்டாம், டெர்மினலில் ஓடினால் போதும் என்பவர்களுக்கு இரண்டு வழி. பைத்தான் 3.9 முதல் ‘சோன்இன்ஃபோ’ மொழியோடே வருகிறது. லினக்ஸிலும் மேக்கிலும் இயங்குதளத்தின் தரவை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அந்த வடிவில் தரவு கிடையாது, ‘டிஇசட்டேட்டா’ தொகுப்பை நிறுவ வேண்டும்; இல்லாவிட்டால் பிழை என்று நிற்கும், அது நல்லதுதான். பழைய ‘பைடிஇசட்’ தொகுப்பை விட்டுவிடுங்கள். அதன் மண்டலத்தை நேரடியாகத் தேதிப் பொருளில் கொடுத்தால், கொல்கத்தாவுக்கு 5.30-க்குப் பதிலாக 5 மணி 53 நிமிடம் என்ற பழைய உள்ளூர் நேரம் வந்து நிற்கும்.

கட்டளைவரியான ஷெல்லில் ‘டிஇசட்’ மாறியில் ஊரைக் கொடுத்து ‘டேட்’ கட்டளையைக் கூப்பிடுவது இன்னும் சுருக்கம். பத்து ஊருக்கு ஒரு சுற்று, முடிந்தது. ஆனால் மூன்றாவது அளவுகோலில் இது மோசமாகத் தோற்கிறது. ‘ஆசியா/டோக்கியோ’ என்பதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு லினக்ஸில் ஓட்டிப் பாருங்கள். பிழை வராது. யூடிசி நேரத்தைக் காட்டி, பக்கத்தில் ‘ஆசியா’ என்று மண்டலப் பெயர் போலவே போட்டுவிடும். ‘ஆசியா/பெய்ஜிங்’ என்று எழுதினாலும் இதே கதிதான். பெய்ஜிங் நேரத்துக்குத் தரவுத்தளத்தில் இருக்கும் பெயர் ‘ஆசியா/ஷாங்காய்’. அல்பைன் லினக்ஸ் போன்ற சிறிய கண்டெய்னர்களில் (நிரல் ஓட்டும் தனிச் சூழல்கள்) தரவுத்தளமே நிறுவப்பட்டிருக்காது, அங்கே எல்லா ஊரும் யூடிசி காட்டும். எனவே கட்டளையை ஓட்டும் முன் அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | விதியைப் புதுப்பிப்பவர் | எதிர்த்திசைக் கணக்கு | பெயர் தவறினால் | எப்போது எடுப்பது |
|---|---|---|---|---|
| கைக்கணக்கு | நீங்கள் | நீங்களே எழுத வேண்டும் | சத்தம் இல்லை | மைக்ரோகன்ட்ரோலர், கோடை நேரமில்லாத சில ஊர்கள் |
| இன்டில் | பிரவுசர் | இல்லை | பிழை என்று நிற்கும் | இணையப் பக்கத்தில் காட்ட மட்டும் |
| லக்சான் வகை | பிரவுசர் | உண்டு | செல்லாத தேதி. நாம் சோதிக்க வேண்டும் | கூட்ட நேரம் குறிக்க |
| தரவு சுமக்கும் லைப்ரரி | நீங்கள், பதிப்பு ஏற்றி | உண்டு | லைப்ரரியைப் பொறுத்தது | புதுப்பிக்க முடியாத பிரவுசர் |
| டெம்பொரல் | பிரவுசர் | உண்டு, தெளிவாக | பிழை என்று நிற்கும் | நீண்ட காலத் திட்டம் |
| சோன்இன்ஃபோ | இயங்குதளம் அல்லது தொகுப்பு | உண்டு | பிழை என்று நிற்கும் | பைத்தான் நிரல் |
| ஷெல் | இயங்குதளம் | ஓரளவு | சத்தமில்லாமல் யூடிசி | சொந்தப் பயன்பாட்டுக்கு |

## எதை எடுத்தாலும் இவை பொது

சேமிக்கும்போது வித்தியாசத்தைச் சேமிக்காதீர்கள், மண்டலப் பெயரைச் சேமியுங்கள். எதிர்காலக் கூட்டம் என்றால் யூடிசியாக மாற்றி வைப்பதும் ஆபத்து. இடையில் அந்த நாடு விதியை மாற்றினால் கூட்டம் ஒரு மணி நகர்ந்துவிடும். உள்ளூர் நேரம், மண்டலப் பெயர் இரண்டையும் வையுங்கள்.

திரையில் ஐஎஸ்டி, சிஎஸ்டி போன்ற மண்டலச் சுருக்கங்களைப் போடாதீர்கள். ஐஎஸ்டி என்பது இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் பொது. ஊர்ப் பெயரும் யூடிசி வித்தியாசமும் போட்டால் யாருக்கும் குழப்பமில்லை.

நொடியை எண்ணிக் கூட்டாதீர்கள். ஒவ்வொரு முறையும் கணினியிடம் இப்போதைய நேரத்தைக் கேட்டு வரையுங்கள். பின்னணியில் இருக்கும் டேபின் டைமரைப் பிரவுசர்கள் வேண்டுமென்றே மெதுவாக்கும். குரோம் நிமிடத்துக்கு ஒரு முறை வரைகூடக் குறைக்கும். எண்ணிக் கூட்டும் கடிகாரம் அங்கே பின்தங்கிவிடும். அடுத்த முழு நொடிக்கு எத்தனை மில்லிநொடி பாக்கி என்று பார்த்து டைமர் வைத்தால் முள் சீராக நகரும்.

## வெளியிடும் முன் ஓட்டிப் பார்க்க வேண்டியவை

நிரலில் ‘இப்போது’ என்பதை வெளியிலிருந்து கொடுக்கும்படி எழுதினால்தான் இவற்றைச் சோதிக்க முடியும். முதலில் காத்மாண்டு, 45 நிமிடம் சரியாக வருகிறதா என்று தெரிந்துவிடும். அடுத்து நியூயார்க், லண்டன் இரண்டையும் வைத்து 2026 மார்ச் 15-ஐக் கொடுங்கள், 4 மணி நேர வித்தியாசம் வர வேண்டும். எல்லா ஊருக்கும் நள்ளிரவைக் கொடுத்து 24.00 எங்காவது வருகிறதா என்று பாருங்கள்.

தேதிக்கு யூடிசி செவ்வாய் காலை 11 மணியைக் கொடுங்கள். யூடிசிக்கு 14 மணி நேரம் முன்னே இருக்கும் கிரிட்டிமாட்டி தீவில் புதன் அதிகாலை 1 மணி. 12 மணி நேரம் பின்னே இருக்கும் மண்டலத்தில் இன்னும் திங்கள் இரவு 11. மூன்று கிழமைகளும் ஒரே திரையில் சரியாக வர வேண்டும். ‘நேற்று’, ‘நாளை’ என்று குறிப்பு போடுபவர்கள் மணி வித்தியாசத்தை வைத்துப் போடாமல், இரண்டு ஊர்களின் ஆண்டு, மாதம், நாளை ஒப்பிட்டுப் போட வேண்டும். இந்தச் சோதனையில் அது தெரிந்துவிடும்.

பழைய தேதிகளும் காட்டுவீர்கள் என்றால் சமோவாவைச் சேருங்கள். அந்த நாடு தேதிக்கோட்டின் மறுபக்கம் மாறியபோது 2011 டிசம்பர் 30-ஐயே விட்டுவிட்டது. அங்கே 29-ஆம் தேதி நள்ளிரவைத் தாண்டியதும் உங்கள் கடிகாரம் 31 என்று காட்ட வேண்டும்.